ஏழு கிலோ மெஷினில் எத்தனை கிலோ துணி போடலாம்?



"எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சேர்த்த பணத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். வீட்டில் இருப்பதுபோல் ஏழு கிலோ போதுமா, இல்லை பத்து கிலோவாக வாங்க வேண்டுமா?" மருத்துவமனைகளை ஆதரிக்கும் அன்பர்கள் மனதில் இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்பே. அன்பினால் எழும் கேள்வி இது. ஆனால் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. மெஷின்மீது ஒட்டியிருக்கும் "7 கிலோ" என்ற எழுத்துக்கு உண்மையில் என்ன பொருள், அதில் அளவுக்கு மீறித் துணி போட்டால் என்ன ஆகும், வீட்டுக் கணக்கு ஏன் வார்டுக்குப் பொருந்தாது என்பவற்றை இங்கே எளிமையாக விளக்க முயல்கிறோம். உங்கள் வீட்டு மெஷினுக்கும் இது உதவும்.

அந்த எண் எதைக் குறிக்கிறது?

மெஷின்மீது எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த துணியின் எடையைக் குறிக்கிறது. நனைந்த துணியின் எடையும் அல்ல, தண்ணீரின் அளவும் அல்ல. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. உற்பத்தியாளர்கள் இந்த எண்ணைப் பருத்தித் துணியை வைத்தே சொல்லுகிறார்கள். உலக அளவில் வீட்டு மெஷின்களைச் சோதிக்கும் முறையில் பருத்தி விரிப்புகள், தலையணை உறைகள், துவாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே 7 கிலோ என்பது, பருத்தித் துணிக்குரிய முழு நேரச் சலவைக்கு மட்டுமே பொருந்தும் உச்ச அளவு.

பாலியஸ்டர் கலந்த துணி எடையில் குறைவு, இடம் பிடிப்பதில் அதிகம். எனவே செயற்கை இழைத் துணிகளுக்கான சலவையில் ஏறக்குறைய பாதி அளவே போட வேண்டும். கம்பளித் துணிக்கும் மெல்லிய துணிக்கும் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ போதும். அவசரத்துக்கு உதவும் "குயிக் வாஷ்" முறையும் பெரும்பாலும் இரண்டு கிலோ அளவில் கொஞ்சமாக அழுக்கான துணிக்கு ஏற்பட்டதே. ஒவ்வொரு சலவை முறைக்கும் எத்தனை கிலோ என்று மெஷினோடு வரும் கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும். பலர் வீட்டில் அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை!

வீட்டுத் துணியின் எடை

எடை தெரியாமல் அளவு தெரியாது. கீழே காண்பவை தோராயமான எடைகள். துணியின் தடிமனைப் பொறுத்துச் சற்றே மாறும்.

ஆண்கள் அணியும் சட்டை: 200 முதல் 250 கிராம்.
ஜீன்ஸ் பேன்ட்: 600 முதல் 700 கிராம்.
பருத்திச் சேலை: சுமார் 500 கிராம்.
நைட்டி அல்லது லுங்கி: சுமார் 250 கிராம்.
பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஒரு செட்: சுமார் 400 கிராம்.
குளியல் டர்க்கி டவல்: 500 முதல் 600 கிராம்.
ஒற்றைக் கட்டில் விரிப்பு: சுமார் 500 கிராம்.
இரட்டைக் கட்டில் விரிப்பு: சுமார் 900 கிராம்.

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் இரண்டு சட்டை, ஒரு ஜீன்ஸ், ஒரு சேலை, ஒரு நைட்டி, இரண்டு பள்ளிச் சீருடை, இரண்டு டவல், உள்ளாடைகளும் சில்லறைத் துணிகளும் அரைக் கிலோ. கூட்டிப் பார்த்தால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். அன்றே இரட்டைக் கட்டில் விரிப்பும் இரண்டு தலையணை உறையும் சேர்ந்தால் ஐந்தேகால் கிலோ. ஆகவே தினமும் துவைக்கும் குடும்பத்துக்கு ஆறரை அல்லது ஏழு கிலோ மெஷின் தாராளமாகப் போதும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் துவைப்பவர்களுக்கு எட்டு கிலோவும் அதற்கு மேலும் தேவைப்படலாம்.

துணியை எடை போட ஒரு சுலப வழி உண்டு. உடல் எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள். பிறகு துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கூடையின் எடையைக் கழித்தால் துணியின் எடை கிடைத்துவிடும். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் பிறகு கண்ணே அளந்துவிடும்.

எடை போட முடியாதவர்கள் கையால் அளக்கலாம். முன்பக்கம் கதவுள்ள மெஷினில் துணியை உதறித் தளர்வாகப் போட்டபின், துணிக்கும் டிரம்மின் மேற்பகுதிக்கும் இடையே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். மேலே மூடியுள்ள மெஷினில் துணியைக் கையால் அழுத்தாமல் போட்டு, தொட்டியின் முக்கால் அளவோடு நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதியிருக்கும் கிலோ, துவைக்கும் தொட்டிக்கு உரியது. பிழியும் தொட்டி சிறியது. ஒரு தடவை துவைத்ததை இரண்டு தடவையாகப் பிழிய வேண்டிவரும். அப்படியே, துவைத்துக் காயவைத்தும் தரும் மெஷின்களில் காயவைக்கும் அளவு துவைக்கும் அளவைவிடக் குறைவு.

அதிகம் போட்டால் என்ன?

துணி சுத்தமாவதற்கு நான்கு காரியங்கள் தேவை என்று ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானியச் சலவைத்துறை வல்லுநர் வகுத்துச் சொன்னார். சோப்பு, வெப்பம், நேரம், அடித்துக் கசக்கும் அசைவு ஆகியவையே அந்த நான்கு. இவற்றில் ஒன்று குறைந்தால் மற்ற மூன்றில் ஒன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளி வெள்ளாவி வைத்ததும், உவர்மண் சேர்த்ததும், கல்லில் அடித்ததும் இதே கணக்குத்தான்.

முன்கதவு மெஷினில் கல்லின் வேலையைச் செய்வது துணி விழும் விழுகையே. டிரம்மின் உட்புறத்தில் உள்ள மேடுகள் துணியை மேலே தூக்குகின்றன. உச்சிக்கு அருகில் சென்றதும் துணி தண்ணீரில் விழுகிறது. டிரம்மை அடைத்துவிட்டால் விழுவதற்கு இடமில்லை. எல்லாத் துணியும் ஒரே பந்தாகச் சுற்றும். சத்தம் கேட்கும், நேரம் ஓடும், விளக்கு எரியும். உள்ளே துவைத்தல் நடப்பதில்லை. மூட்டையின் நடுவில் இருக்கும் துணிக்குச் சோப்புத் தண்ணீரும் சரியாகப் போய்ச் சேராது, வெந்நீரின் சூடும் எட்டாது. அலசும்போது சோப்பும் முழுதாக வெளியேறாது. பிள்ளைகளுக்கும் மென்மையான தோல் உள்ளவர்களுக்கும் துணியில் தங்கிய சோப்பு அரிப்பை உண்டாக்கலாம்.

மிகவும் குறைவாகப் போட்டால்?

இதுவும் நல்லதல்ல. பாதித் துணிக்குப் பாதித் தண்ணீரும் பாதி மின்சாரமும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. மேலும், ஒரே ஒரு கனத்த துணியைப் போட்டால் பிழியும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். ஏறக்குறைய அரை மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, அதன் ஓரத்தில் உள்ள பொருள் தன் எடையைப்போல் சுமார் 270 மடங்கு விசையுடன் வெளிப்பக்கம் தள்ளும். ஒரு பக்கத்தில் ஒரு கிலோ கூடுதலாக இருந்தால், ஏறக்குறைய 270 கிலோ பாரம் டிரம்மை அந்தப் பக்கம் இழுப்பதற்குச் சமம். மெஷின் குதித்து இடம்விட்டு நகர்வதும், பேரிங் சீக்கிரம் தேய்வதும் இதனாலேயே. கனத்த போர்வையைத் துவைக்கும்போது ஓரிரு டவலையும் சேர்த்துப் போட்டால் பாரம் பரவலாகும். கிறிஸ்துமஸுக்கு முன் எல்லா ஜன்னல் திரைகளையும் ஒரே தடவையில் அடைப்பதைக் காட்டிலும் இரண்டு மூன்று பங்காகப் பிரித்துப் போடுவது நல்லது. பவானி ஜமுக்காளத்தை மெஷினில் போடவே வேண்டாம். நனைந்தால் அதன் பாரத்தை வீட்டு மெஷின் தாங்காது.

பிழிந்த பின்பும் துணியில் தண்ணீர் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1000 சுற்று வேகத்தில் பிழிந்தால், பருத்தித் துணியின் உலர் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அளவுக்கு ஈரம் எஞ்சும். ஏழு கிலோ துணி பதினொரு கிலோவாக வெளியே வரும். அந்த நான்கு கிலோ தண்ணீரையும் வெயிலோ காற்றோதான் எடுத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே.

ஆஸ்பத்திரித் துணி வேறு

வீட்டில் சட்டைக் காலரில் அழுக்கு நின்றுவிட்டால் மறுபடி துவைக்கலாம். மருத்துவமனையில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே வரும் விரிப்பில் இரத்தமும் சீழும் மலமும் இருக்கும். நாளை அதே விரிப்பில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரோ, அன்று பிறந்த ஒரு குழந்தையோ படுக்கப்போகிறார்கள்.

இது நெடுநாள் பாடம். 1854 நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கியில் உள்ள ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்தபோது, காயம்பட்ட வீரர்களின் துணியைச் சரியாகத் துவைக்க அங்கே ஏற்பாடே இல்லை. அவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்களை வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரை வேலைக்கு அமர்த்தித் துணிகளை வெந்நீரில் துவைக்கச் செய்தார். செவிலியர் பணியின் முன்னோடியாக உலகம் போற்றும் அந்த அம்மையார் அங்கு செய்த முதல் சீர்திருத்தங்களில் சலவையும் ஒன்று.

இன்றைய மருத்துவமனைச் சலவையிலும் வெந்நீரே முக்கிய ஆயுதம். பிரிட்டனில் 1995-இல் வெளிவந்த அரசு வழிகாட்டுதல், துணியில் உள்ள கிருமிகள் அழிய 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிற்பாடு வந்த வழிகாட்டுதலும் இதையே தொடர்ந்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் இன்னும் கண்டிப்பாக, 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறது.

இங்கேதான் நம் தலைப்புக் கேள்விக்கு முழுப் பொருள் கிடைக்கிறது. பிரிட்டன் வழிகாட்டுதல் அந்த நேரத்தோடு நிறுத்தவில்லை. வெப்பம் துணி முழுவதும் பரவக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும், அந்தக் கூடுதல் நேரம் எவ்வளவு துணி போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றும் சொல்கிறது. டிரம்மின் ஒரு லிட்டர் இடத்துக்கு 56 கிராமுக்குக் குறைவாகத் துணி இருந்தால் 4 நிமிடம். அதற்கு மேல் இருந்தால் 8 நிமிடம் வரை கூட்ட வேண்டும். 500 லிட்டர் டிரம் என்றால் 28 கிலோவே அந்த எல்லைக்கோடு. அதே டிரம்மை நிறைத்துப் போடுகிறவர்கள் 71 டிகிரியில் 3 நிமிடத்தோடு மேலும் 8 சேர்த்து 11 நிமிடம் வைத்தாக வேண்டும். ஆக, துணியின் அளவு கூடக்கூடக் கிருமி அழிவதற்கான கணக்கே மாறிவிடுகிறது.

வீட்டு மெஷினை ஆஸ்பத்திரியில் வைத்தால்?

ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். அங்குள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 2012-க்கும் 2013-க்கும் இடையில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத க்ளெப்சியெல்லா என்ற கிருமி 13 பச்சிளங்குழந்தைகளின் உடலில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. இன்குபேட்டர்களைச் சோதித்தார்கள், பணியாளர்களைச் சோதித்தார்கள். கிருமி எங்கிருந்து வருகிறது என்று புலப்படவில்லை. கடைசியில் அது ஒரு வாஷிங் மெஷினில் அகப்பட்டது. மருத்துவமனைக்கென்று செய்யப்படாத, வீட்டு உபயோக வகை மெஷின் அது. குழந்தைகளுக்குப் போடும் பின்னல் குல்லாய்களையும் காலுறைகளையும் அதில் துவைத்து வந்தார்கள். சோப்புப் போடும் அறையிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் கிருமி குடியிருந்தது. கடைசியாக அலசும் குளிர்ந்த நீர் அதைத் துணிமேல் கொண்டுவந்து சேர்த்தது. நல்லவேளையாக அந்தக் குழந்தைகளில் யாருக்கும் அதனால் நோய் மூளவில்லை. மெஷினை அகற்றியதும் கிருமி பரவுவது நின்றது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2019-இல் வெளியிட்டார்கள்.

குல்லாய் பின்னிக் கொடுத்தவர்களும் துவைத்தவர்களும் நல்லெண்ணத்தோடு செய்தவர்களே. சாதனம் அந்த வேலைக்கு ஏற்றதாக இல்லை என்பதே குறை.

நூறு படுக்கைக்கு எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒரு நூறு படுக்கை மருத்துவமனையை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படுக்கைக்கும் தினம் இரண்டு விரிப்பு 1200 கிராம், தலையணை உறை 150, நோயாளி அணியும் அங்கி 350, துவாலை 300. ஆக மொத்தம் 2 கிலோ. நூறு படுக்கைக்கு 200 கிலோ. ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டுத் துணி ஒரு 50 கிலோ. மொத்தம் தினம் 250 கிலோ. ஏழு கிலோ வீட்டு மெஷினில் முழு அளவு போட்டாலே 36 தடவை துவைக்க வேண்டும்!

ஆகவே பெரிய மெஷின் வேண்டும். அதை வாங்கும்போதும் கவனம் தேவை. தொழில்முறை மெஷின்களில் ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் டிரம் இடம் என்பது பழகிய கணக்கு. சிலர் 9 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அப்போது 450 லிட்டர் டிரம், ஒருவர் கணக்கில் 45 கிலோ மெஷின், மற்றவர் கணக்கில் 50 கிலோ மெஷின். விலைப்பட்டியலில் கிலோவை மட்டும் பார்க்காமல் டிரம்மின் லிட்டரையும் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு மெஷினிலோ இடம் இன்னும் நெருக்கம். ஏழு கிலோ மெஷினின் டிரம் பெரும்பாலும் 50 முதல் 55 லிட்டரே.

60 கிலோ மெஷின் ஒன்று வாங்கலாமா, 30 கிலோ மெஷின் இரண்டு வாங்கலாமா? சொல்லப்பட்ட அளவில் 80 சதவீதம் போடுவதாகவும், ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆவதாகவும் கொள்வோம். 60 கிலோ மெஷினில் 48 கிலோ வீதம் 6 தடவை. ஏழரை மணி நேரம். 30 கிலோ மெஷினில் 24 கிலோ வீதம் 11 தடவை. இரண்டிலும் பகிர்ந்தால் 6 சுற்று. அதே ஏழரை மணி நேரம். நேரம் ஒன்றேயானாலும் இரண்டு மெஷினில் வசதி அதிகம். தொற்றுநோய் வார்டுத் துணியைத் தனியே போடலாம். ஒன்று பழுதானாலும் வேலை நின்றுபோகாது.

ஆனால் ஒன்று பழுதான அந்த நாளில்தான் சோதனை வரும். எஞ்சிய ஒரே மெஷினில் 11 தடவை போட 13 மணி 45 நிமிடம் ஆகும். மாலைக்குள் வார்டுக்கு விரிப்பு வேண்டும் என்று சிஸ்டர் ஆள் அனுப்புவார். சலவைக்கூடத்தில் நிற்பவர் 24 கிலோ போட வேண்டிய இடத்தில் 35 கிலோவைத் திணிப்பார். துணி வெளுப்பாகவே வெளியே வரும். பார்ப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நடுவில் இருந்த விரிப்புக்கு 71 டிகிரி எட்டியதா என்று அந்த விரிப்பைப் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால் அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. கூடுதலாக இரண்டு மூன்று நாளைக்குக் காணும் விரிப்புகள் அலமாரியில் இருந்தால் அவர் அவசரப்பட வேண்டியதே இல்லை. சலவைக்கூடத்தில் ஒரு தராசும், "இந்த மெஷினில் இத்தனை கிலோ" என்று சுவரில் எழுதிய பலகையும் இருந்தால் அவருக்கு அது பெரிய துணை.

வாங்கித் தர விரும்பும் அன்பர்களுக்கு

எந்த மருத்துவமனைக்கானாலும் மெஷின் வாங்கும் முன் அங்குள்ளவர்களிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. தினம் எத்தனை கிலோ துணி வருகிறது? எடை போட்டுப் பார்த்தார்களா?

2. மெஷின் தண்ணீரை 71 டிகிரிக்கு மேல் சூடாக்குமா? அந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் நிறுத்தி வைக்கலாம்?

3. டிரம் எத்தனை லிட்டர்?

4. மூன்று பேஸ் மின்சாரம், போதுமான தண்ணீர், கழிவுநீர்ப் போக்கு, அதிர்வைத் தாங்கும் தளம் ஆகியவை இருக்கின்றனவா?

5. மழைக்காலத்தில் எப்படிக் காயவைப்பார்கள்?

6. பழுதானால் வந்து பார்க்க ஆள் அருகில் இருக்கிறாரா?

இவற்றைக் கேட்டபின், மெஷினைவிட ஐம்பது விரிப்புகளோ, ஒரு தராசோ, பழைய மெஷினுக்கு ஒரு புதிய பேரிங்கோ அதிகம் தேவை என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் தயங்காமல் அதையே கொடுங்கள். அது சிறிய உதவி அல்ல.

இன்று உங்கள் வீட்டில் மெஷினில் துணி போடும்போது, மூடும் முன் உள்ளங்கையை நிமிர்த்தி ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். கை நுழைய இடமில்லை என்றால் இரண்டு துணியை வெளியே எடுத்துவிடுங்கள். அவை நாளைக்குத் துவைக்கப்படலாம்.